விளக்கு எரியவில்லை என்றான்

மட்டாஞ்சேரிக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனது சந்தோஷத்துக்கு. சந்தோஷமாக இருக்கிறவள் எதைக் கவனிக்கிறாள்? அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. இரண்டாம் தடவை போனது என் மகன் செல்லத்துரையின் தகரப் பெட்டியை எடுத்து வர. எண்பதோ எண்பத்தொன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

செல்லத்துரை அங்கே குமாரன் முதலாளி என்கிற சுக்கு வியாபாரிக்குக் கார் ஓட்டினான். கார் புதிது இல்லை. ஏதோ தேயிலை எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்ததை முதலாளி வாங்கியிருந்தார். ஒரு நாள் இடப்பள்ளியிலிருந்து திரும்பும்போது நடுரோட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லையாம். ஆயில் குறைந்தால் டிரைவர் கண்ணுக்கு நேரே ஒரு சின்னச் சிவப்பு லைட்டு எரியும், எரிந்ததும் வண்டியை நிறுத்திவிட வேண்டும், அதுதான் முறை.

"லைட்டு எரிஞ்சிருக்கும். நீ பராக்குப் பார்த்துக்கிட்டு ஓட்டியிருக்கே" என்றார் முதலாளி. எரியவில்லை என்றான் இவன். சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற அத்தனை பேருக்கும் முன்னால் "பொய்யன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்தக் கடைவீதியில் யாரும் அவன் கையில் வண்டியைக் கொடுக்கவில்லை.

ஊருக்கு வந்தான். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காடு எங்கள் ஊர். அங்கே என்னைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள், அவள் வாயில் பொய் வராது, அவள் வீட்டிலும் பொய் நுழையாது என்று. எனக்கு அதில் பெருமை உண்டு. இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் என் தலையில் கை வைத்தான்.

"லைட்டு எரிஞ்சு நான் பாக்கலைம்மா. உன் மேல சத்தியம்."

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "எரியாமலா எஞ்சின் வெந்துச்சு? உலகமே எரிஞ்சதுங்கு. நீ மட்டும் எரியலைங்கே. பெத்தவ தலையில கை வச்சாடா பொய் சொல்லுவ?"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மறுநாள் வடக்கே போகிற லாரியில் ஏறிவிட்டான். ஆறு மாதம் கழித்து நாக்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. மூன்று நாள் காய்ச்சலாம். கூட இருந்த லாரிக்காரர்களே அவனுக்கு எல்லாக் காரியமும் முடித்துவிட்டார்களாம்.

அவன் வேலை போய் இரண்டு வருஷம் ஆன பிறகு அய்யாக்கண்ணுவின் கடிதம் வந்தது. அய்யாக்கண்ணு எங்கள் ஊர்ப் பையன், மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிறவன், செல்லத்துரை இருந்தது அவனோடு ஒரே அறையில். "பெரியம்மா, நான் இருக்கிற லைன் வீட்டை இடிக்கப் போகிறார்கள். துரையின் பெட்டி என்னிடம் இருக்கிறது. எடுத்துப் போக யாராவது வரணும்" என்று எழுதியிருந்தான். என் வீட்டுக்காரருக்கு முட்டு வலி, நடக்க முடியாது. "அய்யாக்கண்ணுவையே கொண்டாரச் சொல்லேன்" என்றார். என் பிள்ளையின் பெட்டியை ஊரான் ஏன் சுமக்க வேண்டும். நானே கிளம்பினேன்.

முதல் நாள்

எறணாகுளத்தில் இறங்கிப் படகுத்துறைக்கு வழி கேட்டு வந்தேன். ஒரு படகு புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாதித் தண்ணீருக்குப் போன பிறகுதான் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"அம்மச்சி எங்கேக்கு?"

"மட்டாஞ்சேரிக்கு."

அவள் முன்னால் இருந்தவர்களைத் தொட்டுச் சொல்லிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள். அந்தப் படகு வைப்பின் தீவுக்குப் போகிறதாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. "படகுக்காரன் எழுதி ஒட்ட வேண்டாமா?" என்றேன். எழுதித்தான் இருக்கிறது என்று மேலே கையைக் காட்டினாள். மலையாள எழுத்து. எனக்குத் தமிழ் எழுத்தே நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

அவள் கும்பளங்கி என்கிற ஊர்க்காரி. மீன் விற்று முடித்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு வைப்பினில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறாள். அவள் பேசின மலையாளத்தை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

"மட்டாஞ்சேரியில் யாரு? மகனா?"

"மகனோட பெட்டி இருக்கு. எடுக்கப் போறேன்."

"மகன்?"

நான் கையை விரித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எனக்கும் ஒண்ணு போச்சு. கடலுக்குப் போனவன்" என்றாள். கரையில் இறங்கியதும் என் பையை அவளே வாங்கித் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். எதிர்க்கரைக்குப் போகிற இன்னொரு படகில் என்னை ஏற்றி, படகுக்காரனிடம் நாலு வார்த்தை அதட்டிச் சொன்ன பிறகுதான் திரும்பினாள். பேர் கேட்க மறந்துபோனேன்.

கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் சண்டை போடுகிற எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மட்டாஞ்சேரிக்கு வந்தால் அய்யாக்கண்ணுவின் பெண்டாட்டி தங்கம், தெருக்குழாயில் வரிசையில் நிற்கிறாள். அத்தனை தண்ணீரும் உப்பாம். குடிக்கிற தண்ணீருக்கு அங்கேயும் குடம்தான், அங்கேயும் சண்டைதான். மனசு கொஞ்சம் சமாதானமானது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

தங்கம் கப்பை வேகவைத்து மத்தி மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். மரவள்ளிக் கிழங்கைத்தான் அங்கே கப்பை என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் பசி. கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அய்யாக்கண்ணு பெட்டியை இறக்கி வைத்தான். இரண்டு சட்டை, ஒரு காக்கி உடுப்பு, ரப்பர் செருப்பு, லைசென்ஸ் வைக்கிற தோல் பை, நான் முதல் தடவை வந்தபோது கொடுத்த குங்கும டப்பா. பெரிய டப்பா அது. அம்மன் கோவில் குங்குமத்தை நிறைய அமுக்கிக் கொடுத்திருந்தேன். திறந்து பார்த்தால் அடித் தகரம் தெரிந்தது.

ஆம்பிளைப் பிள்ளை நெற்றிக்கு ஒரு சிட்டிகை போதும். ஒரு டப்பா குங்குமம் எங்கே போகும்? எனக்கு உடனே புத்தி கோணலாகத்தான் போனது. "இங்க யார் கூடவும் பழக்கம் இருந்துச்சா?" என்று தங்கத்திடம் கேட்டேன்.

அய்யாக்கண்ணுதான் பதில் சொன்னான். "அட போங்க பெரியம்மா. அவனுக்குப் பழக்கம் அந்தக் காரோடதான். வெள்ளிக்கிழமை தவறாம கழுவி, துடைச்சு, நீங்க பூசைக்கு வச்ச பொட்டு மேலயே புதுசா வச்சு விடுவான். 'உன் சம்சாரம் குளிச்சிட்டாளா துரை'ன்னு லோடுமேன் எல்லாம் கேலி பண்ணுவானுக."

இரண்டாம் நாள்

காலையில் புட்டும் கடலையும் தின்றுவிட்டுக் கடைவீதியில் நடந்தோம். இரண்டு பக்கமும் கிட்டங்கிகள். சுக்கும் மிளகும் காற்றிலேயே இருக்கின்றன. பத்து வீடு தாண்டுவதற்குள் ஐந்து தடவை தும்மினேன். வாசலில் சாக்கை விரித்துப் பெண்கள் இஞ்சி பொறுக்குகிறார்கள். கைவண்டிக்காரர்கள் வழி கேட்கிற சத்தத்தில் காது அடைக்கிறது. எங்கள் ஊர் மிளகாய் கமிஷன் கடையில் இதே தும்மல் உண்டு. ஆனால் அங்கே என்னை எல்லாருக்கும் தெரியும்.

"குமாரன் முதலாளி அந்தக் காரை என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா கிட்டங்கிக்குப் பின்னால சாக்கு போட்டு மூடித்தான் கெடந்துச்சு. கோவம். பைசா செலவழிக்க மாட்டேன்னுட்டாரு. இப்ப மகளுக்குக் கல்யாணம். எஞ்சினைப் பிரிச்சுப் புதுசா வேலை பாத்திருக்காங்க. மொய்து மேஸ்திரி ஒர்க்‌ஷாப்ல நிக்குது."

"பாக்கணும்."

"அதைப் பாத்து என்ன ஆகப் போகுது பெரியம்மா?"

என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. என் பிள்ளையை நான் கடைசியாகச் சந்தோஷமாகப் பார்த்தது அந்தக் காருக்குள்ளே. அதை அய்யாக்கண்ணுவிடம் சொல்லவில்லை. "பாக்கணும்னா பாக்கணும்" என்றேன்.

ஒர்க்‌ஷாப் என்பது தகரக் கூரை போட்ட ஒரு சந்து. மொய்து மேஸ்திரி நாற்பது வயசுக்காரர், சாயா கிளாஸைக் காரின் மூக்கின் மேல் வைத்துவிட்டு உள்ளே குனிந்துகொண்டு வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று அய்யாக்கண்ணு சொன்னதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது, சாயா வந்தது.

"இதைப் பாருங்கம்மா" என்றார். அவருக்குத் தமிழ் வரும். "எஞ்சின் முடிச்சு மூணு நாளாச்சு. இந்த ஆயில் லைட்டு ஒண்ணு என்னைப் பைத்தியமாக்குது. சாவி போட்டா எரியணும். எஞ்சின் ஓடினதும் அணையணும். அப்பத்தான் லைட்டு நல்லா இருக்குன்னு அர்த்தம். இது எரியவே இல்லை. பல்பைக் கழட்டிப் பாட்டரியில வச்சா எரியுது. உள்ளே மாட்டினா காணோம். வயர் மாத்தினேன். பல்பு மாத்தினேன். ஒரு மாத்தமும் இல்லை."

"அந்த லைட்டு இல்லாம ஓடாதா?" என்றான் அய்யாக்கண்ணு.

"ஓடும். செல்லத்துரைக்கு ஓடின மாதிரி ஓடும்" என்றார் மேஸ்திரி. சொன்ன பிறகு என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "அப்ப லைட்டு கெட்டுத்தான் இருந்திருக்கு. அவன் பொய் சொல்லலை. அப்படித்தானே?"

"இருக்கலாம்மா. கெட்டது எங்கேன்னு கண்டுபிடிச்சாத்தானே நான் சொல்ல முடியும். சும்மா சொல்லி என்ன பிரயோஜனம்."

அவர் சொன்னது நியாயம். பொய் சொல்லி என் மனசைக் குளிர வைக்காத மனிதர் என்று அவர் மேல் மரியாதை வந்தது. ஆயில் எப்படிப் போனது என்று கேட்டேன். எஞ்சினுக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதற்கு ஒரு வாஷர், பழைய வண்டி என்பதால் யாரும் மாற்றாமல் அது கட்டியாகி வெடித்திருக்கிறது, ஆயில் வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது என்று அந்த வாஷரையே எடுத்துக் காட்டினார். சுண்டு விரல் மோதிரம் அளவுதான் இருந்தது.

"கொஞ்சம் உள்ள உக்காரட்டா?" என்று கேட்டேன். கதவைத் திறந்துவிட்டார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் தடவை வந்தபோது அந்த இடத்தில்தான் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தேன். முதலாளிதான், "டிரைவரோட அம்மா வந்திருக்காங்க, அவங்க கையாலே ஆகட்டும்" என்றார். கொட்டுகிற பெருமை எனக்கு. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு, வீட்டில் அம்மிக்கும் உரலுக்கும் நிலைப்படிக்கும் வைக்கிற மாதிரி, வட்டமாகக் கண்ணில் பட்டதற்கெல்லாம் வைத்தேன். ஸ்டியரிங்குக்கு ஒன்று. முன்னால் இருக்கிற பலகையில் வரிசையாக ஐந்து. செல்லத்துரை சிரித்தான். "எம்மா, அதெல்லாம் லைட்டும்மா."

"லைட்டுன்னா சாமிக்கு ஆகாதாக்கும். நான் வச்சதை அழிச்சயோ, கையை ஒடிப்பேன்" என்றேன்.

அந்தப் பொட்டுக்கள் அப்படியே இருந்தன. வெள்ளிக்கு வெள்ளி மேலே மேலே வைத்து ஓட்டாஞ்சில்லு மாதிரித் தடித்துக் காய்ந்து, அதன் மேல் இரண்டு வருஷத் தூசி. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று துடைத்திருந்தது.

"இதை மட்டும் துடைக்கலையா?" என்று கேட்டேன்.

"அது உங்க சாமிக் காரியம்மா. நான் வேற மதம். அதிலே கை வைக்கிறது மரியாதை இல்லைன்னு என் ஆளுங்க கிட்டேயும் சொல்லிட்டேன்."

நல்ல மனிதர். தூசி படிந்த பொட்டு வீட்டுக்கு ஆகாது. பழசை அழித்துவிட்டுப் புதுசு வைப்பதுதான் வழக்கம். அவன் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிற குங்குமத்தைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று தோன்றியது. முந்தானை நுனியைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்து ஓரத்திலிருந்து துடைத்தேன். லேசில் வரவில்லை. நகத்தால் பெயர்த்தேன். இரண்டாவதைப் பெயர்க்கும்போது அது சில்லாகக் கழன்று என் மடியில் விழுந்தது. அடியில் சின்ன உருண்டைக் கண்ணாடி.

மேஸ்திரி வெளியே நின்றபடி கையை நீட்டி எதற்கோ சாவியைத் திருகினார். அந்தக் கண்ணாடி சிவப்பாக எரிந்தது.

"எரியுதே" என்றார் மேஸ்திரி. அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டார். "எடா, எரியுதுடா. மூணு நாளா பொட்டுக்கு அடியிலே எரிஞ்சிட்டுத்தான் இருந்திருக்கு, அங்கே கண்ணாடி இருக்குன்னு எனக்குத் தோணலையேடா." அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷம். எஞ்சினை ஓட்டினார், விளக்கு அணைந்தது. நிறுத்திவிட்டுத் திருப்பிச் சாவி போட்டார், எரிந்தது. அப்படி மூன்று தடவை.

மூன்றாம் தடவையில் அவர் சிரிப்பு நின்றது. என் மடியில் கிடந்த சில்லைப் பார்த்தார்.

"இது அப்பவும் எரிஞ்சிருக்கு" என்றேன் நான்.

அவர் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க மேஸ்திரி. இடப்பள்ளியில இருந்து வரும்போது இது எரிஞ்சிருக்கு. எம்பிள்ளைக்குத் தெரியலை."

"ஆமாம்மா" என்றார். "பகல் வெளிச்சம் வேற."

வெளியே கைவண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் இறங்கவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார். "ஒரு டிரைவருக்குத் தன் வண்டியிலே எந்த லைட்டு எங்கேன்னு தெரியாம இருக்காதும்மா. எஸ்டேட் வண்டி, பாதி லைட்டு வேலை செய்யாது, அதனாலே அது எரியலைன்னு அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். ஆனா எஞ்சின் போன பிறகு உக்காந்து யோசிச்சிருப்பான்."

அப்போதுதான் அவன் வாயைத் திறந்து மூடினது எனக்கு நினைவு வந்தது. என் முகத்தைப் பார்த்தானே. நீ வச்ச பொட்டுதாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளி முன்னால் அவன் நல்லவன், ஊர் முன்னால் அவன் நல்லவன். நான் என்ன செய்திருப்பேன்? சாமி மேல் பழி போடுகிறான் என்று அதற்கும் அடித்திருப்பேன். அது அவனுக்குத் தெரியும். இல்லை, என் மேல் பழி வரக் கூடாது என்று விழுங்கினானோ. இந்த இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அன்று மத்தியானம் தங்கம் சிவப்பரிசிச் சோறு வடித்திருந்தாள். குண்டு குண்டான சோறு. நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள்

"விட்டுருங்க பெரியம்மா. அவனே போயிட்டான். இனிமே போய்ச் சொல்லி அந்தாளு கிட்ட நீங்க வேற எதுக்குத் தலை குனியணும்?" என்றான் அய்யாக்கண்ணு.

நான் யாரிடமும் தலை குனிந்தவள் இல்லை. அதனால்தான் போக வேண்டியிருந்தது. அவனைப் பொய்யன் என்று சொன்ன அதே கிட்டங்கியில், அதே ஆட்கள் காதில், அவன் பொய் சொல்லவில்லை என்று விழ வேண்டும். அதற்காக என் தலை கொஞ்சம் குனிந்தால் குனியட்டும்.

குமாரன் முதலாளி தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயசாகிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்து எழுந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பொட்டுச் சில்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன், அதைப் பிரித்துத் தராசுத் தட்டில் வைத்தேன்.

"லைட்டு எரிஞ்சது. அதை மறைச்சது நான். எம்பிள்ளை மறைக்கலை."

அவர் குனிந்து அதைப் பார்த்தார். மொய்து மேஸ்திரி முன்தினமே வந்து சொல்லியிருக்கிறார் போல, ஆச்சரியப்படவில்லை. "நான்தான் உங்களை வைக்கச் சொன்னேன்" என்றார். "வண்டிக்குப் பொட்டு வைக்கிறது குற்றமா அம்மா? யாருக்கும் தெரியலை."

"குற்றமோ இல்லையோ. இத்தனை பேர் முன்னால அவனைப் பொய்யன்னு சொன்னீங்க. இத்தனை பேர் முன்னால இல்லைன்னு சொல்லுங்க."

கணக்கப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "முதலாளி கிட்டே இப்படியா பேசுறது?" என்றார். முதலாளி கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, வாசல் பக்கம் போய், மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவர் சத்தமாகவே சொன்னார். "செல்லத்துரை அன்னைக்குச் சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் தப்பு. எல்லாரும் கேட்டுக்கோங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒருவன் மெதுவாக அய்யாக்கண்ணுவிடம் கேட்டான்.

"யாரு அண்ணே செல்லத்துரை?"

இரண்டு வருஷத்தில் ஆட்கள் மாறிவிட்டார்கள். அய்யாக்கண்ணுவையும் மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரையும் தவிர அவனைத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. கிழவருக்கும் காது மந்தம்.

"என் மகன். இந்தக் கார் ஓட்டினவன்" என்றேன். சரி அம்மா என்று தலையை ஆட்டினார்கள். லாரி காத்துக்கொண்டிருந்தது, போய்விட்டார்கள்.

முதலாளி கல்யாணத்துக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார். படகுத்துறை வரைக்கும் அந்தக் காரிலேயே கொண்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். நான் நடந்தே போனேன். அய்யாக்கண்ணு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். இந்தத் தடவை படகுப் பலகையை நாலு பேரிடம் கேட்டுவிட்டு ஏறினேன்.

நான்காம் நாள்

திரும்புகிற பஸ்ஸில் பெட்டி மேலே ஏறாது என்றான் கண்டக்டர். டிரைவருக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குக் காவலாக என்னையும் முதல் சீட்டில் உட்கார வைத்தான். டிரைவர் நம்ம பக்கத்துப் பிள்ளை. முப்பது வயசு இருக்கும், மீசையை முறுக்கிவிட்டிருந்தான். அவன் முன்னால் இருந்த பலகையைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து பொட்டு. வரிசையாக.

கொஞ்ச தூரம் பொறுத்தேன். பிறகு கேட்டேன். "எய்யா, அந்தப் பொட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

"லைட்டும்மா."

"அதை அழிச்சிரேன்."

அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். "எங்க அம்மா வச்சதும்மா. அழிச்சா கையை ஒடிச்சிருவா."

நான் பெட்டியைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பஸ் மலை ஏற ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் முக்கி முனகுகிற ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பொட்டுக்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டீக்கடை முன்னால் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். டிரைவரும் குதித்து இறங்கிப் போனான். நான் பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்துக்கொண்டு எழுந்தேன். ஸ்டியரிங்கின் மேலும் ஒரு பொட்டு இருந்தது, அதைத் தொடவில்லை, அது அவன் அம்மாவுடையது, இருக்கட்டும். விளக்குக் கண்ணாடிகளின் மேல் இருந்த ஐந்தையும் துடைத்தேன். நகம் ஒன்று ஒடிந்தது. துடைத்ததைச் சாலையில் எறிய மனசு வரவில்லை. பெட்டியைத் திறந்து, செல்லத்துரையின் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

டிரைவர் பீடா மென்றுகொண்டு வந்து உட்கார்ந்தான். சாவி போட்டான். பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. அவன் ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான், என் முந்தானையைப் பார்த்தான்.

"பாட்டியம்மா, நீங்க செஞ்ச வேலையா?"

"ஆமா" என்றேன். "உங்க அம்மா கேட்டா நான்தான்னு சொல்லு. எங்க ஊர்ப் பேரும் என் பேரும் சொல்லுதேன், எழுதி வச்சுக்க."